பேரம் முடியும் முன்னே பொங்கிய பால்

வீட்டுத் தரகன் வாயை மூடினால் அவன் வீட்டு அடுப்பு எரியாது. வீடு வாங்க வந்தவர் வாயைத் திறந்தாலும் அவன் வீட்டு அடுப்பு எரியாது.

பெங்களூர் தண்டில், அதாவது வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பக்கத்தில், இந்தத் தொழிலில்தான் என் காலத்தை ஓட்டினேன். பேர் ஞானப்பிரகாசம். 'தரகு ஞானம்' என்றால் பிளாக்பள்ளி மார்க்கெட்டில் ஜட்கா குதிரைக்குக்கூடத் தெரியும். இன்றைக்கு சிவாஜிநகர் என்கிறீர்களே, அதுதான் பிளாக்பள்ளி. வீடு தேடிச் செருப்புத் தேய்ந்த சக பாவிகளே, "தரகன் எதுக்கு? நாமே நேரா போய்ப் பேசிக்கலாம்" என்று கிளம்பியவர்கள்தானே நீங்களும்? விற்கிறவர் எதிரில் உட்கார்ந்து, அவர் கொடுத்த காபியைக் குடித்து, அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு, தெருமுனைக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டவர்கள்தானே? போகட்டும், பழசைக் கிளறவில்லை. லூர்து டீச்சருக்கு வீடு முடித்த கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, தரகன் வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷங்கள். லூர்து டீச்சர் மிஷன் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தவர். நாற்பதைத் தாண்டியாயிற்று, கல்யாணம் ஆகவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஓர் அறையும் சமையற்கட்டுமாக இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தார். திடீரென்று தங்கை செசிலியின் புருஷன் இறந்துபோக, அவள் மூன்று பெண் குழந்தைகளோடு அக்காவிடம் வந்து சேர்ந்தாள். வீட்டுக்காரர் ஒரு வாரம் பார்த்தார். "ஒரு ஆளுக்குத்தான் வீடு விட்டேன், அஞ்சு ஆளுக்கு இல்ல. ஈஸ்டருக்குள்ள காலி பண்ணுங்க" என்றுவிட்டார். டீச்சரிடம் பத்திரச் செலவும் என் தரகும் போக மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் இருந்தது. அதற்கு மேல் ஒரு தம்பிடி கிடையாது. அந்தப் பணத்துக்குள், ஈஸ்டருக்குள், ஐந்து பெண் ஜென்மங்களுக்கு ஒரு கூரை வேண்டும். அதுதான் என் தலையில் விழுந்த வேலை.

அடுகோடிக் கிணறு

முதலில் அடுகோடியில் ஒரு வீட்டைக் காட்டப் போனேன். ஜட்காவில் போகும்போதே படித்துப் படித்துச் சொன்னேன். "டீச்சர், வீடு பிடிச்சாலும் முகத்துல காட்டாதீங்க. வீட்டுக்காரர் கேட்டா 'பார்க்கலாம்'னு ஒரே வார்த்தை. மீதியை நான் பார்த்துக்கறேன்." டீச்சரும் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

வீட்டுக்காரர் செங்கல் சூளைக்காரர், வாயில் எப்போதும் வெற்றிலை. நான் ஆரம்பித்துவிட்டேன். ஓடு நழுவியிருக்கிறது, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, மழை பெய்தால் ஓசூர் ரோட்டுத் தண்ணீரெல்லாம் கூடத்துக்குள் வரும் என்று நான் ஒவ்வொன்றாக எடுத்துப்போட, மனுஷர் விலையில் இருநூறு இறங்கி வந்தார். அந்த நேரம் பார்த்து டீச்சர் கொல்லைப்புறத்திலிருந்து ஓடிவருகிறார், கை நிறைய தண்ணீரோடு! "ஐயோ, என்ன தண்ணி! கல்கண்டு மாதிரி இருக்குங்க! இந்தக் கிணத்துக்கே கேட்ட விலையைக் கொடுக்கலாம்!"

சூளைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். இறங்கின இருநூறு ஏறிவிட்டது, கூடவே இன்னொரு இருநூறையும் இழுத்துக்கொண்டு. சேசு மரி சூசையே! திரும்பும் வழியெல்லாம் நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஜட்காக்காரன்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தான். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முந்தானையால் கையைத் துடைத்தபடி சாவதானமாகச் சொன்னார்: "நல்லா இருக்கறதை நல்லா இல்லன்னு பொய் சொல்லிட்டு, சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட யாருண்ணே போய் முழங்கால் போடறது, நீங்களா?"

பத்துப் பிரியதத்தம்

பொய் சொல்லமாட்டார், சரி. மௌனமாக இருப்பது பாவமில்லையே? அடுத்த வீட்டுக்குப் போகுமுன் ஓர் ஏற்பாடு செய்தேன். "எதைப் பார்த்து 'ஆகா'ன்னு சொல்லத் தோணுதோ, அப்போ மனசுக்குள்ள ஒரு பிரியதத்தம் சொல்லிடுங்க." மாதாவை நோக்கிச் சொல்கிற அந்த ஜெபத்தைத்தான் சொல்கிறேன், எங்கள் ஆட்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி வரும். டீச்சருக்கு யோசனை பிடித்துவிட்டது.

வீடு பிரேசர் டவுனில். காதர் பாய் என்பவருடையது. பட்டாளத்து ஆபீசர்களுக்கு மேஜை நாற்காலி செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். கடையை மூடிவிட்டு ஆம்பூரில் தம்பியோடு போய் இருக்கலாம் என்று வீட்டை விற்க வந்தார். முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டு பாகம். முன்கட்டில் குடியிருந்தவர்கள் போய்ப் பூட்டிக் கிடந்தது. பின்கட்டில் பாய் குடும்பம். சக பாவிகளே, வீடு என்றால் அது வீடு! தேக்கு நிலைப்படி, காற்று ஓடி விளையாடும் ஜன்னல், சுற்றிவர மதில். நான் பயத்தோடு டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு ஒன்று, நிலைப்படிக்கு ஒன்று, சமையற்கட்டுக்கு மட்டும் மூன்று. பத்தாவது முடியும்போது அவர் முகம் இழவு வீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி இருந்தது.

பாய்க்கு மனசு பதறிவிட்டது. நாலாயிரத்து இருநூறில் ஆரம்பித்தவர், நான் பாதி குறை சொல்லுமுன்னே இறங்கினார். நானும் விடவில்லை. மூவாயிரத்து ஐந்நூறு, ரிஜிஸ்டர் ஆன ஒரே மாசத்தில் மொத்த வீடும் காலி என்று மேஜையைத் தட்டிப் பேசி முடித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருக்க, பாய் என் காதருகே குனிந்து சொன்னார்: "விலை கிடக்கட்டும் தரகரே, அந்தம்மாவுக்கு முதல்ல ஒரு கப் டீ வாங்கிக் கொடும், என் வீட்டைப் பார்த்து இப்படி ஒருத்தர் மனசொடிஞ்சு நான் பார்த்ததே இல்ல."

விபூதிப் புதன்

வாய்ப்பேச்சு முடிந்தது வெள்ளிக்கிழமை. அடுத்த வியாழக்கிழமை முன்பணம் கொடுத்து எழுத்து வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. நடுவில் என் மச்சான் மகளுக்குக் கோலார் தங்கவயலில் கல்யாணம். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தபசு காலம் பிறந்துவிட்டால் நாற்பது நாளைக்கு எங்களில் கல்யாணம் காட்சி கிடையாது. அதனால் எல்லாரும் அதற்கு முந்தின நாட்களில் அடித்துப்பிடித்து முடிப்பார்கள். நானும் போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

தபசு காலம் பிறக்கிற விபூதிப் புதன்கிழமை காலையில் திரும்பி, நேராகக் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வெளியே வருகிறேன், எதிரில் டீச்சர். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, நேத்தே எல்லாம் முடிஞ்சுது!" "என்ன முடிஞ்சுது?" என்றேன். வீடு மந்திரிக்காமல் குடி போகமாட்டாராம். தபசு காலம் பிறந்தால் விசேஷம் வைக்கக்கூடாதாம். ஈஸ்டருக்குள் குடி போயாகணுமாம். அதனால் பாயிடம் போய் முன்கட்டுச் சாவியைக் கேட்டிருக்கிறார். பாயும் தாராளமாகக் கொடுத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை சாமியார் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்திருக்கிறார். செசிலி புதுப் பானையில் பால் வைத்திருக்கிறாள். பால் பொங்கி வழிந்திருக்கிறது, தெருவே கூடி நின்று பன்னும் பாலும் சாப்பிட்டிருக்கிறது.

முன்பணம் இல்லை, எழுத்து இல்லை, ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பால் மட்டும் காய்ச்சியாயிற்று! அட கடவுளே, ஊரில் எத்தனையோ முட்டாள்தனம் பார்த்திருக்கிறேன், விலை பேசி எழுதுமுன்னே கிரகப்பிரவேசம் நடத்திய ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். நெற்றிச் சாம்பல் காயுமுன் பிரேசர் டவுனுக்கு ஓடினேன். பாய் சாய்வு நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அரிசி மண்டி சிக்கண்ணா திங்கட்கிழமை வந்து பார்த்துவிட்டு நாலாயிரம் தருவதாகச் சொன்னாராம். டீச்சரும் நாலாயிரம் கொடுத்தால் வீடு டீச்சருக்கே என்றார். "பேசின பேச்சு என்ன ஆச்சு பாய்?" என்று குதித்தேன். அவர் அசையவில்லை. "பால் பொங்கினதைத் தெருவே பார்த்தாச்சு தரகரே, இனிமே அந்தம்மா வேற வீட்டுப் படி ஏறுவாங்கன்னு நீரே நினைக்கிறீரா?"

டீச்சர் கொண்டுவந்த பை

பாய் விலை ஏற்றின சேதி கேட்டு அன்று சாயங்காலமே டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். நான் வரவேற்கக்கூட இல்லை. எடுத்த எடுப்பில் ஏசினேன். "வீடு உங்களுக்கு எவ்வளவு வேணும்னு விக்கிறவனுக்குத் தெரிஞ்சுதுன்னா பேரம் செத்துப்போச்சு டீச்சர்! நீங்க தெரியப்படுத்தினது மட்டுமில்ல, சாமியாரை வெச்சு மணி அடிச்சு இல்ல தெரியப்படுத்தியிருக்கீங்க!" என் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை.

டீச்சர் ஒரு துணிப்பையைத் திறந்தார். உள்ளே தட்டான் கடைச் சீட்டுகள். அவருக்குக் கல்யாணம் என்று அப்பா சிறுகச் சிறுகச் செய்துவைத்த நகை. காசுமாலை, வளையல், ஒட்டியாணம். வரன் வந்து வந்து போனதே தவிர ஒன்றும் கூடவில்லை. நகை பெட்டியிலேயே இருந்தது. அதை விற்ற பணம்தான் அந்த மூவாயிரத்து ஐந்நூறில் பெரும்பாதி. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வீடும் கைநழுவினால் செசிலியையும் குழந்தைகளையும் அனாதை மடத்தில் சேர்க்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் உடைந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னும் ஐந்நூறுக்கு நான் எங்கண்ணே போவேன், என்கிட்ட மிச்சம் இருக்கறது இந்த ஜெபமாலைதான், அதை பாய் எடுத்துக்க மாட்டாரே."

அரிசி மண்டி

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள் காலையில் சிக்கண்ணாவின் மண்டிக்குப் போனேன். எதிராளியின் பலம் எது, பேச்சு எது என்று தெரியாமல் எந்தத் தரகனும் பேரத்துக்கு உட்காரக்கூடாது. சிக்கண்ணா கன்னடக்காரர்; தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே பானையில் வெந்து வரும். நான் காதர் பாய் வீடு என்று சொன்னதுதான் தாமதம், மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர் காதைத் தொட்டுக்கொண்டார்.

நிஜமாகவே நாலாயிரம் சொன்னவர்தான். செவ்வாய்க்கிழமை பால் காய்ச்சின சேதி அன்று சாயங்காலமே மண்டிக்கு வந்துவிட்டதாம். உடனே பாய்க்கு ஆள் அனுப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். நான் நம்பாத மாதிரி நின்றேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "யார் பேர்ல ஹாலு பொங்குச்சோ லட்சுமி அவங்க கூடவே போயாச்சு தரகரே, இன்னொருத்தர் பால் பொங்கின மனை நமக்கு பேட, நாலாயிரம் என்ன, நானூறுக்குக் கொடுத்தாலும் பேடவே பேட!"

பாய் வீட்டு டீ

அப்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே! வேண்டாம் என்று போன ஆளை வைத்து என்னை மிரட்டினீரா பாய், இதோ வருகிறேன் என்று ஜட்காவில் ஏறினேன். என்ன பேசுவது, எந்த இடத்தில் குரலை உயர்த்துவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். பாதி வழியில்தான் புத்தி வந்தது. முகத்துக்கு நேரே பொய்யன் என்றால் எந்த மனுஷனும் வீறாப்புக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுவான். அவருக்கு ஆம்பூரில் தம்பி இருக்கிறார். டீச்சருக்கு யார் இருக்கிறார்கள்?

பாய் டீ கொடுத்தார். குடித்தேன். ஊர் சமாச்சாரம் பேசினேன். கடைசியில், "மண்டிப் பக்கம் போயிருந்தேன் பாய். சிக்கண்ணா சலாம் சொன்னார்" என்று மட்டும் சொன்னேன். டீக்கோப்பை அவர் வாய்க்கும் மேஜைக்கும் நடுவில் நின்றுபோயிற்று. நல்ல மனுஷர், காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கே பரிதாபமாகி, வாயில் வந்ததைக் கேட்டேன். "பணத்துக்குப் பேச்சு மாறுற ஆள் இல்ல நீங்க. உங்களுக்கு என்ன கஷ்டம் பாய்?" சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத் தொழிலில் விற்கிறவரைப் பார்த்து நான் கேட்டே இராத கேள்வி அது.

பாய் உள்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழாம் மாசம். முதலில் ஒன்று வயிற்றில் தங்காமல் போய்விட்டது. அசையக்கூடாது என்று லேடி டாக்டர் உத்தரவு. ஒரே மாசத்தில் காலி பண்ணினால் அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது? பக்கத்திலேயே நல்ல வீடாக வாடகைக்குப் பிடிக்க வேண்டும், அவளைப் பல்லக்கில் தூக்குவது போல் தூக்கிப் போக வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பால் பொங்கினதைப் பார்த்ததும் ஆசையும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது என்று அதையும் மறைக்காமல் சொன்னார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "பாய், டீச்சர் வீட்டுல அஞ்சு பேருக்கு முன்கட்டே தாராளம். குழந்தை பிறந்து நாற்பது நாள் கழியற வரைக்கும் நீங்க பின்கட்டுலயே இருங்க, வாடகை வேண்டாம். விலை பேசின விலை. சரிதானா?" மனுஷர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே திட்டினார்: "ஒரே மாசத்துல காலின்னு அன்னிக்கு மேஜையைத் தட்டினது நீர்தானேய்யா, இருந்துட்டுப் போறீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த ஐந்நூறு என் வாயில வந்திருக்குமா?"

குடி புகுந்த மறுநாள்

டீச்சரிடம் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேனா, பள்ளிக்கூட வாசலில் போய்ச் சொல்லும்போது கொஞ்சம் உதறல்தான். டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் பொண்ணுக்கு இப்போ எப்படி இருக்கு?" அதற்குப் பிறகு வராந்தாப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை முதலில் முன்பணம், பிறகு எழுத்து, பிறகு ரிஜிஸ்டர் என்று நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முடித்தேன். பின்கட்டில் பாய் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனது, பேத்தியோடு அவர்கள் ஆம்பூர் போனார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வாசகிகள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள்.

ஈஸ்டருக்குப் பத்து நாள் இருக்கும்போது குடி போனார்கள். மறுநாள் தரகு வாங்கிக்கொள்ளப் போனேன். தெருமுனையிலேயே 'டொக் டொக்' என்று சத்தம். உள்ளே போனால் டீச்சர் ஸ்டூல்மேல் ஏறி நின்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். கீழே பாய் தன் பட்டறை ஆணி டப்பாவை ஏந்திக்கொண்டு, "நேரா பிடிங்க அம்மா, விரல் ஜாக்கிரதை" என்று நிற்கிறார். கூடத்தில் நாலு சுவரிலும் ஆணி. அறைக்குள் எட்டிப் பார்த்தேன், அங்கேயும் ஆணி. செசிலி வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். வாடகைக்கு இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதுதான் எந்த வீட்டுக்காரரும் சொல்கிற முதல் வார்த்தை. டீச்சரும் இருபது வருஷமாக மாதா படத்தைப் பெட்டிமேல் சாய்த்து வைத்தே ஜெபம் சொன்னவராம். அந்தப் படம் இப்போது மாட்டியாகிவிட்டது. மீதி ஆணிகளில் ஒன்றும் இல்லை.

"என்ன டீச்சர், மாட்டறதுக்கு ஒரே ஒரு படம். எதுக்கு இத்தனை ஆணி?" என்று கேட்டேன். அவர் சுத்தியலை இறக்கவில்லை. நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆணிக்குப் பாயிடம் கையை நீட்டியபடியே சொன்னார்: "மாட்ட ஒண்ணும் இல்லண்ணே, சும்மாதான் அடிக்கறேன், இனிமே யாரும் கேக்க மாட்டாங்க இல்ல?"

விலையைக் குறைக்க வாய் வேண்டும், வீட்டை முடித்துக் கொடுக்கக் காது வேண்டும், இந்த இரண்டுக்கும் சேர்த்து ஊர் தருவது நூற்றுக்கு ஒரு ரூபாய்தான்.